புஷ்பராணியின் பாஸ்போர்ட்

மதிவாணன் வயலில் இறங்கிய ஆட்களை ராமாயிக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. எல்லாம் ஆண்கள். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, பேச்சில்லாமல் நட்டார்கள். நெய்விளாகம் தெற்குத் தெருப் பெண்கள் அந்தியில் கரையேறுகிற வயலை அவர்கள் உச்சிப்பொழுதுக்குள் முடித்துவிட்டு அடுத்த வரப்பைத் தாண்டினார்கள். மழை பிடித்தால் பெண்கள் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மரத்தடிக்கு ஓடுவார்கள். இவர்கள் ஓடவில்லை. நனைந்துகொண்டே நட்டார்கள். அதுவே ராமாயிக்குச் சந்தேகமாக இருந்தது. மழைக்கு ஒதுங்காதவன் எதற்கோ பயந்தவன்தான் என்றாள்.

தெற்குத் தெருவில் நடவுக்கு யார் போவது, எந்த வயலுக்கு முதலில் போவது எல்லாம் ராமாயி சொல்கிறபடிதான் நடக்கும். குறுவையில் நடவு மிஷின் வந்து பாதி வேலையைத் தின்றது. மிச்சமிருந்த சம்பா நடவை இந்த ஐப்பசியில் வங்காளத்து ஆட்கள் ஏக்கர் கணக்கில் பேசி வாங்கிக்கொண்டார்கள். ராமாயி மதிவாணனிடம் போய்க் கேட்டாள். அவர் வாய்க்கால் மதகில் நின்றபடி, நீங்கள் ஒன்பது மணிக்கு இறங்குவீர்கள், பதினோரு மணிக்கு டீ கேட்பீர்கள், மூன்று மணிக்கு வானத்தைப் பார்ப்பீர்கள், அவர்கள் உருளைக்கிழங்கும் சோறும் தாங்களே ஆக்கித் தின்றுவிட்டு வேலையை முடித்துக்கொடுத்துவிட்டுப் போகிறார்கள், நான் என்ன செய்யட்டும் என்றார்.

"அவனுங்க எந்த ஊருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் ராமாயி.

"மேற்கு வங்காளம்."

"அவன் சொன்னான், நீங்க நம்பிட்டீங்க."

எங்கோ ஒரு ஊரில் வேற்று நாட்டு ஆட்கள் பிடிபட்டதாக அந்த வாரம் டிவியில் காட்டியிருந்தார்கள். ராமாயி அதைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலமே பெண்களைக் கூட்டி ஒரு மனு எழுதவைத்தாள். எங்கள் ஊரில் வெளியாட்கள் தங்கியிருக்கிறார்கள், எந்த நாட்டுக்காரர்கள் என்று தெரியவில்லை, விசாரித்து நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று மனு போனது. கைநாட்டு வைப்பவர்கள் வைத்தார்கள். கையெழுத்துத் தெரிந்தவர்கள் போட்டார்கள். கடைசியாக ராமாயி பேனாவை மருமகளிடம் நீட்டினாள்.

"எனக்கு எதுக்கு மாமி?" என்றாள் புஷ்பராணி.

"நீயும் சேத்துல நிக்கிறவதானே. போடு."

புஷ்பராணி தயங்கினாள். பெண்கள் சிரித்தார்கள். அவள் ராமாயியை மாமி என்று கூப்பிடுவதே அவர்களுக்குச் சிரிப்பு. இந்தப் பக்கம் மாமி என்றால் அக்கிரகாரத்துப் பெண்கள்தான். ஏழு வருசமாக அத்தை என்று கூப்பிடச் சொல்லியும் அவள் நாக்கு திரும்பவில்லை. "மாமி சொல்றாங்கள்ல, போடும்மா" என்று ஒருத்தி கேலி செய்ய, அவள் குனிந்து கையெழுத்துப் போட்டாள். புஷ்பராணி, கணவர் பெயர் பகலவன்.

புஷ்பராணி இலங்கைக்காரி. பதுளைக்கு மேலே, பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள். குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலைக்குப் போனாள். அதே வீட்டில் பகலவன் டிரைவர். இரண்டு பேரும் அவரவர் ஊர் திரும்பிய பிறகு அவள் திருச்சிக்கு விமானத்தில் வந்து இறங்கினாள். திருவிடைமருதூர் கோயிலில் கல்யாணம், பிறகு பதிவு, அதைக் காட்டி விசாவை மாற்றினார்கள். மகள் இசைவாணி பிறந்தபோது விசா இருந்தது. கொரோனா காலத்தில் அரசாங்கமே எல்லோருக்கும் நீட்டிப்புக் கொடுத்துக்கொண்டு வந்தது. அது முடிந்த பிறகு புதுப்பிக்க வேண்டியிருந்தது. திருவாரூரில் டிராவல்ஸ் வைத்திருக்கும் முபாரக்கிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருப்பதாகவும், அது சென்னை அலுவலகத்தில் நிற்பதாகவும் பகலவன் சொன்னான். அவள் நாற்றுப் பறிக்கக் கற்றுக்கொண்டு, நடக் கற்றுக்கொண்டு, காய்ந்த மிளகாயும் தேங்காயும் இடித்துச் சம்பல் செய்து தெருவுக்கே பழக்கிவிட்டு, இந்த ஊர்க்காரியாக இருந்தாள்.

போலீஸ் ஒரு காலையில் வந்தது. எஸ்.ஐ.யும் ஒரு கான்ஸ்டபிளும் மதிவாணன் வரப்பில் நின்று ஆட்களைக் கரையேறச் சொன்னார்கள். வங்காளத்து ஆட்கள் சேற்றுக் கையை வாய்க்காலில் அலம்பிவிட்டு, அவரவர் பையிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட அடையாள அட்டையை எடுத்து நீட்டினார்கள். அழைத்துவந்த காண்ட்ராக்டர் மேலும் இரண்டு கத்தை நகல் வைத்திருந்தான். வீட்டு நம்பர், தகப்பன் பெயர், தாசில் எல்லாம் சரியாக இருந்தது. எஸ்.ஐ. போனில் யாரிடமோ படித்துக் காட்டினார். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அவர்கள் மறுபடி சேற்றில் இறங்கிவிட்டார்கள்.

மதிவாணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். ராமாயி விடவில்லை. அட்டை எல்லாம் காசு கொடுத்தால் கிடைக்கும் என்றாள். எஸ்.ஐ.க்குக் கோபம் வந்தது. மனு கொடுத்தவர்களை வரிசையாக நிற்கச் சொல்லி, பேர், ஊரைக் கான்ஸ்டபிளை எழுதச் சொன்னார். புஷ்பராணி தேத்தண்ணி தூக்கோடு வரப்பில் வந்துகொண்டிருந்தாள். அவளையும் கூப்பிட்டார்கள்.

"சொந்த ஊர்?"

"பசறைங்க."

"எந்த மாவட்டம்?"

"பதுளை."

கான்ஸ்டபிள் எழுதுவதை நிறுத்தினார். "அது எங்கம்மா இருக்கு?"

புஷ்பராணி ராமாயியைப் பார்த்தாள். பிறகு, "சிலோன்ல சார்" என்றாள்.

ராமாயி குறுக்கே வந்தாள். இங்கே வாக்கப்பட்டு வந்து ஏழு வருசமாகிறது, எங்கள் பிள்ளை, எங்களோடுதான் நடுகிறாள் என்றாள். அகதி முகாமா என்று எஸ்.ஐ. கேட்டார். முகாம் இல்லை, விமானத்தில் வந்தது என்றாள் ராமாயி, பெருமை போலத்தான். அப்படியானால் பாஸ்போர்ட்டையும் விசாவையும் எடுத்துக்கொண்டு திருவாரூரில் மாவட்ட அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள். அந்த நேரத்தில் வயலிலிருந்து ஒரு வங்காளத்தான் தங்களைப் பார்த்துச் சிரித்தான் என்று ராமாயி பிறகு பல தடவை சொன்னாள். "இல்ல மாமி, அவன் தேத்தண்ணி இருக்கான்னுதான் கேட்டான்" என்றாள் புஷ்பராணி.

பகலவன் டிராக்டரை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தபோது செய்தி அவனுக்கு முன்னால் வந்திருந்தது. அவன் சாப்பிட உட்காரவில்லை.

"ஊரு கேட்டா திருச்சின்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே."

"பொலிஸ் கேட்டாங்க. பிறந்த ஊரத்தான் சொன்னேன்."

"ஏழு வருசமா யாருகிட்டயும் சொல்லாதத அவன்கிட்ட ஏன் சொன்ன?"

"யாரும் கேக்கல."

அவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவனை இன்னும் கிளப்பியது. வேண்டுமென்றேதான் சொன்னாள் என்று தாயிடம் சொன்னான். மனுவில் கையெழுத்துப் போட்டதும் வேண்டுமென்றேதான். போலீஸ் பிடித்து அனுப்பினால் தன் செலவில்லாமல் ஊர் போய்ச் சேரலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாள் என்றான். ராமாயி அதற்கு, கையெழுத்துப் போடச் சொன்னதே நான்தானடா என்றாள். அவன் தாயையும் ஒரு மாதிரி பார்த்தான்.

ராமாயிக்கோ முபாரக் மேல்தான் சந்தேகம். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு இத்தனை நாள் ஒருவன் என்ன செய்வான்? விற்றிருப்பான். சிலோன் பாஸ்போர்ட்டுக்கு விலை இருக்கும். நாளைக்குப் போய் வாங்கி வருகிறேன் என்று பகலவன் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நான்காம் நாள் காலையில் அவனுக்குச் சொல்லாமல், ராமாயி மருமகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம் மழை. வெண்ணாற்றில் தண்ணீர் செம்மண் நிறத்தில் கரை தட்டிப் போனது. முபாரக்கை என்னென்ன கேட்பது என்று ராமாயி பஸ்ஸிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கடையில் குவைத் மணியும் இந்திய மணியும் காட்டுகிற இரண்டு கடிகாரம் மாட்டியிருந்தது. முபாரக் எழுந்து நாற்காலியை இழுத்துப்போட்டு, டீ சொல்லி, இசைவாணி ஒன்றாம் வகுப்பு போகிறாளா என்று விசாரித்தான். ராமாயி டீயைத் தொடவில்லை.

"எங்க புள்ளையோட பாஸ்போர்ட்ட எடு தம்பி."

"எந்த பாஸ்போர்ட்டுமா?"

"நடிக்காத."

அவன் முதலில் சிரித்தான். பிறகு புஷ்பராணியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "எங்கிட்ட குடுக்கவே இல்லம்மா. நானே ரெண்டு மூணு தரம் போன் பண்ணி, விசா முடியப் போவுது, எடுத்துட்டு வாடான்னேன். வர்றேன் வர்றேன்னான். அப்புறம் போனே எடுக்குறதில்ல. வேற யார்கிட்டயோ குடுத்துட்டான்னு நானும் உட்டுட்டேன்."

ராமாயி அவன் மேசை இழுப்பறையைத் திறக்கச் சொன்னாள். அவன் எல்லா இழுப்பறையையும் திறந்து காட்டினான். அலமாரியையும் திறந்தான். பாஸ்போர்ட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றாகப் படம் பார்த்தாள். மருமகள் படம் இல்லை.

"அம்மா, ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது" என்றான் முபாரக். "குவைத்துல எங்க பாஸ்போர்ட்ட எல்லாம் அரபி அவரு அலமாரியில வெச்சுப் பூட்டிருவாரு. ஏன் பாபான்னு கேட்டா, குடுத்தா ஓடிப் போயிருவீங்கன்னுவாரு. அவன் தங்கச்சி செத்தப்பகூடக் குடுக்கல. பகலவன் அழுதான்மா. நான் பக்கத்துல இருந்தேன். அவன்தான் இப்ப எங்கயோ பூட்டி வெச்சிருக்கான்."

ராமாயி எழுந்துவிட்டாள். என் மகனை அரபியோடு சேர்க்கிறாயா என்று சத்தம் போட்டாள். வெளியே நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். புஷ்பராணி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினாள். நெய்விளாகம் நிறுத்தத்தில் இறங்கிக் குடையை விரிக்கும்போது புஷ்பராணி சொன்னாள்.

"அந்த அரபியோட அலமாரியிலதான் மாமி என்னோடதும் இருந்துச்சு."

மூன்று வருசத்துக்கு முன்னால், இலங்கையில் பெட்ரோலும் மருந்தும் இல்லாமல் போன சமயத்தில், அவளுடைய தகப்பன் செத்துப்போனார். போக வேண்டும் என்று அவள் கேட்டாள். பாஸ்போர்ட் சென்னையில் இருக்கிறது, கையில் இல்லாமல் எப்படி அனுப்புவது என்று பகலவன் சொன்னான். அவனும் கண் கலங்கினான். கொல்லையில் டவர் கிடைக்கிற இடத்தில், எருக்குழி ஓரமாக நின்றுகொண்டு, தகப்பன் சாவை அவள் போனில் பார்த்தாள். படம் நின்று நின்று வந்தது. பாடையைத் தூக்குவது தெரிந்தது, அடுத்துப் படம் வந்தபோது தெரு காலியாக இருந்தது. அப்போது ராமாயிதான் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாஸ்போர்ட்டைச் சென்னையில் வைத்திருக்கிறவனை இரண்டு பேருமாகத் திட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ராமாயி மகனைக் கேட்டாள். அவன் முபாரக் பொய் சொல்கிறான் என்றான். கேட்கிற விதத்தை மாற்றி மாற்றிக் கேட்டாள். அவன் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். ராமாயியின் புருசன் கண்ணுசாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தார். அவர் தகப்பன் காலத்தில் பண்ணையில் கிடந்த குடும்பம். குவைத் காசில் மகன் ஐந்து மா நிலம் வாங்கி போர்வெல் போட்டபோது, கரண்டுக்கு நடந்து நடந்து வாங்கியவர் அவர்தான். ஆனால் மோட்டார் கொட்டகைச் சாவியை இரண்டு மூன்று வருசமாக மகன் அவரிடம் கொடுப்பதில்லை. பீஸ் போனாலும் தானே வருவான். அப்பாவுக்குக் கண் தெரியாது, கரண்ட் அடித்துவிடும் என்பான். கண்ணுசாமிக்கு நெல்லில் பதரான கருக்காய் தெரிகிற கண் நன்றாகவே இருந்தது.

அவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வயலுக்கு நடந்தார். பகலவன் எங்கிருந்தோ பார்த்துவிட்டு வரப்பில் ஓடிவந்தான். "யப்பா, ஈரக் காலோட போவாத, தூக்கி அடிச்சிரும்" என்று கத்திக்கொண்டே வந்தான். கண்ணுசாமி கொட்டகைப் பூட்டை நெம்பி உள்ளே போய், மெயினை இறக்கிவிட்டு, ஸ்டார்ட்டர் பெட்டியின் பூட்டையும் நெம்பினார். உள்ளே, எரிந்துபோன பீஸ் கட்டைகளுக்குக் கீழே, விதைநெல் பாக்கெட்டை வெட்டி எதையோ சுற்றி வைத்திருந்தது. பிரித்துப் பார்த்தார். பாஸ்போர்ட் ஈரம் படாமல் இருந்தது. விசாதான் செத்துப்போயிருந்தது.

அதை மகனிடம் காட்டவில்லை. வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து மருமகளிடம் கொடுத்தார். அவள் வாங்கி, படத்தைப் பார்த்து, மூடினாள். அழுவாள் என்று எதிர்பார்த்து ராமாயி பக்கத்தில் போய் நின்றாள். அவள் அழவில்லை. அன்றிலிருந்து அது அவள் ஜாக்கெட்டுக்குள் இருந்தது. குளிக்கும்போது இசைவாணி கையில் கொடுத்து வாசலில் நிறுத்தினாள்.

திருவாரூர் அலுவலகத்தில் வெளிநாட்டவர் பிரிவுக்கு எழில்மொழி என்று ஒரு பெண் இன்ஸ்பெக்டர். அவர் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, காலாவதியாகி இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று விளக்கம் எழுதித் தரச் சொன்னார். நியாயமான காரணம் இருந்தால் அபராதத்தோடு சென்னைக்கு அனுப்புவேன், நீட்டிப்பதும் நீட்டிக்காததும் அவர்கள் பாடு என்றார். பகலவன் பேனாவை வாங்கி, ஏஜென்டின் தாமதத்தால் என்று எழுதினான். எழில்மொழி படித்துவிட்டு, ஏஜென்ட் நம்பரைச் சொல்லுங்கள், போன் போடுகிறேன் என்றார். அவன் போனை எடுத்து, நம்பர் தேடாமல் மறுபடி சட்டைப்பையில் போட்டான். அவர் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் கொடுத்தார்.

"உள்ளத எழுதினா என்னைய உள்ள வெச்சிருவீங்களா மேடம்?"

"பொய் எழுதினா இவங்க இன்னிக்கே வெளிய. எது வேணும்னு நீங்க பாத்துக்குங்க."

அவன் வெகுநேரம் எழுதினான். கண்ணுசாமி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எழுதியதை எழில்மொழி வாங்கிச் சத்தமாகப் படித்தார். என் மனைவி ஊருக்குப் போனால் திரும்பி வர மாட்டாள் என்ற சந்தேகத்தில் அவளுடைய பாஸ்போர்ட்டை அவளுக்குத் தெரியாமல் நான் மறைத்து வைத்திருந்தேன். அதனால் விசாவைப் புதுப்பிக்க முடியாமல் போனது. அவள் மேல் குற்றம் இல்லை.

"இது உண்மையாம்மா?"

"உண்மை மேடம்."

"சரி. நீங்க போனா திரும்பி வருவீங்களா?"

"பிள்ளை இங்க இருக்கு."

"அது பதில் இல்லையே."

புஷ்பராணி யோசித்தாள். "நான் போனா அவரு கூப்பிடுவாரான்னு எனக்குத் தெரியாது மேடம். நான் வருவேனான்னு அவருக்குத் தெரியாது. இதுல நான் என்னத்த எழுதிக் குடுக்க?"

எழில்மொழி அவளையும் பகலவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மனுவில் முத்திரை குத்தினார். பாஸ்போர்ட்டைத் திருப்பி நீட்டியபோது பகலவனின் கை தானாக முன்னால் போனது. இன்ஸ்பெக்டர் கையைப் பின்னால் இழுத்து, அவளிடம் கொடுத்தார்.

பிறகு காத்திருந்தார்கள். கார்த்திகையில் மழை வலுத்து நட்ட வயல் மூழ்கியது. வங்காளத்து ஆட்கள் வேலை முடித்துக் கிளம்பிப் போயிருந்தார்கள். கரைந்த இடத்தில் மறுநடவுக்கு மதிவாணன் ராமாயியைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அவள் போய்ச் சொன்னால் கிளம்பி வருகிற பெண்கள் இந்தத் தடவை இழுத்தடித்தார்கள். பெற்ற பிள்ளை மாதிரி வைத்திருந்தவளையே மனு எழுதிப் பிடித்துக் கொடுத்தவள், நாளைக்கு நம் பேரை எதில் எழுதுவாளோ என்று ரேஷன் கடை வரிசையில் பேச்சு நடந்தது. கூட நடவுக்கு வருகிற கவிப்ரியா அதை அவள் காது படவே சொன்னாள். ராமாயி சண்டைக்குப் போய், மண்ணெண்ணெய்க் கேனால் அடிக்க ஓங்க, நடுவில் ஆட்கள் புகுந்து விலக்கினார்கள்.

வீட்டுக்குள்ளும் யாரும் யாரையும் நம்பவில்லை. புஷ்பராணி போனில் பேசினால் பகலவன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பான். அவன் சட்டையை மாட்டினால் எங்கே போகிறான் என்று அவள் பார்ப்பாள். அவள் பையை மடித்தால் ராமாயி பேத்தியைப் பக்கத்தில் இழுத்துக்கொள்வாள். இரவுச் சோறு ஒரே சட்டியிலிருந்துதான். கருவாட்டுக் குழம்பு வைத்த ஒரு நாள், புஷ்பராணி அகப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"என்னைய அனுப்பத்தான் கையெழுத்துப் போடச் சொன்னீங்களா மாமி?"

ராமாயி தட்டைத் தள்ளி வைத்தாள். "உன்ன வெளியாளா நெனச்சிருந்தா உங்கிட்ட பேனாவ நீட்டுவனா?" என்றாள்.

புஷ்பராணி தலையை ஆட்டினாள். அதை நம்பினாள் என்று சொல்ல முடியாது.

பொங்கல் கழிந்து பதில் வந்தது. நீட்டிப்பு இல்லை. காரணம் போடவில்லை. குறிப்பிட்ட நாளுக்குள் நாட்டைவிட்டுப் போக அனுமதி கொடுத்திருந்தார்கள். அங்கே போய், கணவர் அழைப்புக் கடிதத்தோடு புதிதாக விசா கேட்கலாம். கிடைக்குமா என்று கண்ணுசாமி கேட்டதற்கு, சொல்ல முடியாது அய்யா என்றார் எழில்மொழி. பிள்ளையைக் கூடக் கூட்டிப்போக முடியாது. இசைவாணிக்கு பாஸ்போர்ட் எடுக்கப் போனபோது தாயின் விசாவைக் கேட்டார்கள். தாயிடம் விசா இல்லாததால் அந்த மனு அப்படியே நின்றது. தாய் ஒரு நாட்டுக்கும் பிள்ளை ஒரு நாட்டுக்கும் என்று கணக்கு முடிந்தது.

அறுவடை நேரம். வாய்க்கால் ஓரமெல்லாம் மிஷின்கள் வரிசையில் நின்றன. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிக் காவல் இருக்க வேண்டும், ஈரம் ஏறினால் எடுக்க மாட்டார்கள். கண்ணுசாமி நெல்லைப் பக்கத்து வயல்காரர் பொறுப்பில் விட்டுவிட்டு வந்தார். அவர் அளவில் குறைப்பார் என்று ராமாயி வண்டியில் ஏறும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். முபாரக் டிக்கெட் போட்டிருந்தான். திருச்சியிலிருந்து கொழும்பு. வாடகைக் காரில் பின்னால் பெண்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இசைவாணி தூங்கிக்கொண்டு வந்தாள். முன்னால் உட்கார்ந்திருந்த பகலவன் டிக்கெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ரிட்டன் ஏன் போடல?"

"விசா இல்லாம ரிட்டன் எப்பிடி போடுறது?"

அவன் வல்லத்தில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, மரத்தடியில் நின்று முபாரக்குக்குப் போன் போட்டான். அவள் சொன்னது சரிதானா என்று கேட்டான். முபாரக் போனில் திட்டியது காருக்குள் வரை கேட்டது. பகலவன் திரும்பி வந்து உட்கார்ந்தான். கடிதத்தை நாளைக்கே நோட்டரியிடம் போய் வாங்கி அனுப்பிவிடுவதாகச் சொன்னான். "சரி" என்றாள் புஷ்பராணி. அவன் மறுபடி சொன்னான். அவள் மறுபடி சரி என்றாள்.

விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கூட்டம் நின்றது. வளைகுடாவுக்குப் போகிற பிள்ளைகளைச் சுற்றிக் குடும்பம் குடும்பமாக அழுதுகொண்டிருந்தார்கள். புஷ்பராணி அழவில்லை. இசைவாணிக்குத் தலை வாரும்போது உச்சியை இடப்பக்கம் எடுக்க வேண்டும், வலப்பக்கம் எடுத்தால் சுழி நிற்கும் என்று ராமாயியிடம் சொன்னாள். பாலில் சீனி குறைத்துப் போடச் சொன்னாள். பிள்ளை கேட்கிறாள் என்று போனை எந்நேரமும் கொடுக்க வேண்டாம் என்றாள். கண்ணுசாமி காலைத் தொட்டாள். பிள்ளையைத் தூக்கி முகர்ந்துவிட்டு ராமாயியின் இடுப்பில் வைத்தாள். பிள்ளை தூக்கக் கலக்கத்தில் ராமாயியின் தோளில் சாய்ந்துகொண்டது.

பகலவன் பையைத் தூக்கிக்கொண்டு கதவு வரைக்கும் போனான். துப்பாக்கி வைத்திருந்த காவலர் அவனை நிறுத்தினார். புஷ்பராணி ஜாக்கெட்டிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினாள். அவர் முகத்தையும் படத்தையும் ஒத்துப் பார்த்துவிட்டு விட்டார். அவள் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சோதனைப் பெட்டி, அதற்கு அப்பால் ஒரு வரிசை, அதற்கு அப்பால் ஒரு தூண். தூணுக்குப் பின்னால் போகும்வரை அவள் முதுகு தெரிந்தது.

பகலவன் திரும்பி வந்தான்.

"திரும்பிக்கூடப் பாக்கல பாரும்மா."

ராமாயி பேத்தியை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றினாள்.

"பாத்திருந்தா மட்டும் நீ நம்பியிருப்பியாடா?"

பின்னால் வந்த வண்டிக்காரன் வழி விடச் சொல்லி ஹாரன் அடித்தான். காவலர் விசில் ஊதினார். நான்கு பேரும் அந்த இடத்திலேயே நின்றார்கள்.